நாற்றங்கால் வீட்டில், களம் பொதுவில்

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தோர்க்கு நாற்றங்காலின் இயல்பைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் ஏக்கர் நடவு செய்யக் கருதும் உழவர், அவ்வேக்கர் முழுவதிலும் விதையைக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. எட்டு சென்ட் அளவான ஒரு மூலையைத் தேர்ந்து, சேறாக்கிப் பரம்படித்து, முளைகட்டிய விதையை ஆங்கே தூவி, ஏறக்குறைய ஒரு திங்கள் அளவும் அதனைக் கண்ணுங் கருத்துமாய்க் காப்பர். அவ்விடத்தே நாற்றுத் தவறுமாயின் இழப்புச் சிறிது, மறுபடியும் விதைக்கலாம். வயலிலே பயிர் தவறுமாயின் இழப்பு ஓராண்டுச் சோறாகும். பிழை செய்தற்குரிய இடத்தைச் சிறியதாகவும் செலவு குறைந்ததாகவும் வைத்துக் கொள்வதே நாற்றங்காலின் தத்துவம்.

இத்தத்துவத்தை நம் காலத்துக் கல்வி ஒன்றிற்குப் பொருத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கல்வியாவது கணினி வலையமைப்புக் கல்வி. அதனை வீட்டிலிருந்து பயில விழைவோர் எக்கருவிகளைக் கொள்ளல் வேண்டும், எவற்றைக் கொள்ளாது விடல் வேண்டும் என்பதே ஈண்டு எழும் வினா. தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கர்க்கு ரவுட்டரோடும் சுவிட்சோடும் என்ன உறவு என நண்பர்கள் நகைக்கலாம். அவ்வுறவு எம் இல்லத்திலேயே உண்டாயிற்று. அன்றியும், இவ்வினா கருவியைப் பற்றியது மட்டும் அன்று. ஏழைக் குடும்பங்களின் செலவைப் பற்றியதுமாகும். குடும்பச் செலவைப் பற்றிப் பேசுதற்கு எத்துறை மாணாக்கரும் உரியரே.

வலையமைப்பு என்பது யாதென அறியாதாரும் நம் பழைய மாணவரிடையே இருத்தல் கூடும். அவர்க்குக் காவிரியையே சான்று காட்டுவோம். மேட்டூரில் திறந்துவிடும் நீர் கல்லணையை அடைந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகின்றது. மிகுந்த வெள்ளம் கொள்ளிடத்திற் செல்கின்றது. பின்னர் ஒவ்வோர் ஆறும் எண்ணிறந்த வாய்க்கால்களாய்க் கிளைக்கின்றது. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு மதகு உண்டு. எப்பலகையை எவ்வளவு தூக்கினால் எவ்வூருக்கு நீர் போகும் என்பதை அறிந்த லஸ்கர் ஒருவரும் உண்டு. கணினிகள் தம்முள் விடுக்கும் செய்தி, சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றது. ஒவ்வொரு பொதியின் மேலும் சேரிடத்தின் முகவரி எழுதப்பெற்றிருக்கும். அம்முகவரியை நோக்கி, ‘நீ இவ்வழி செல்க’ என ஏவும் கருவியே ரவுட்டர். ஓர் அலுவலகத்துள்ளோ ஓர் இல்லத்துள்ளோ இருக்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது சுவிட்ச். மதகின் லஸ்கர் செய்யும் தொழிலை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும் இப்பெட்டிகளை அமைக்கவும் திருத்தவும் அறிதலே வலையமைப்புக் கல்வி.

இக்கல்விக்குரிய தேர்வுகளுள் நம் இளைஞர் பெரிதும் நாடுவது சி.சி.என்.ஏ. என்பது. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய சிஸ்கோ நிறுவனம் இதனை நடத்துகின்றது. தேர்வு நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், நம் பணத்தில் இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் நாகப்பட்டினத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய நம் மயிலாடுதுறையிலும் இத்தேர்வை எழுத விரும்புவோர் பலர் உளர். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கக் கருதும் பாரத்நெட் திட்டமும், ஊர்தோறும் பெருகிவரும் இணைய இணைப்புத் தொழிலும், இக்கல்வி கற்றார்க்கு உள்ளூரிலேயே பிழைப்புண்டு என்னும் நம்பிக்கையை விளைவித்துள்ளன. நம்பிக்கை நன்றே. ஆயின் நம்பிக்கை பெருகும் இடமெல்லாம் அதனை விலையாக்கும் வணிகரும் பெருகுவர்.

இனி எம் இல்லத்து நிகழ்ச்சியைக் கூறுவோம். எம் தமையனார் பாலிடெக்னிக் கல்லூரியில் டிப்ளமா முடித்தவர். தந்தையார்க்கு இரண்டு ஏக்கர் நிலம், கடைமடைப் பகுதியாதலின் குறுவை சில ஆண்டு வாய்க்கும், சில ஆண்டு வாயாது, சம்பாவே துணை. தமையனார் சி.சி.என்.ஏ. எழுத விரும்பினார். ‘வீட்டிலே மெய்யான கருவிகள் இன்றி இத்தேர்வை எவரும் வெல்லார்’ என ஒரு வணிகர் உறுதி கூறினார். மூன்று பழைய ரவுட்டர், இரண்டு பழைய சுவிட்ச், அவற்றிற்குரிய கம்பிகள் ஆகிய இவற்றின் தொகுதிக்கு அவர் சொன்ன விலை இருபத்து நாலாயிரம் ரூபாய். தேர்வுக் கட்டணத்திற்கென ஒதுக்கிய சம்பா நெல்லின் பணம் அதற்குப் போதாமையால், தாயாரின் சங்கிலியும் கூட்டுறவு வங்கிக்குச் சென்றது.

பெட்டிகள் பார்சலில் வந்திறங்கிய நாளில் எம் தெருவே கூடிவிட்டது. ஆயின் அன்றிரவே இடர்ப்பாடுகள் தலைகாட்டின. ரவுட்டரோடு பேசுதற்கு வேண்டிய கன்சோல் கம்பியின் முனை எம் மடிக்கணினியில் நுழையவில்லை. அதற்கென ஒரு மாற்றுக் கருவியைத் தனியே வாங்க நேர்ந்தது. ஒரு ரவுட்டர் முந்தைய உடையாரின் கடவுச்சொல்லோடு வந்திருந்தது. அதனை நீக்கும் வழியை அறிய ஒரு கிழமை கழிந்தது. மற்றொன்றில் இயங்குமென்பொருளே இல்லை. எஞ்சிய பெட்டிகளை இயக்கியதும் அவற்றின் விசிறிகள் நெல் அரைவை ஆலையைப் போல் இரைந்தன. கூடத்தில் ஒரே அறையுள்ள வீடு எமது. உறக்கம் இழந்த தந்தையார், “ஏம்ப்பா, இத்தனை சத்தம் போடுதே, ஒரு வேலையாவது செய்யுதா?” என்று வினவினார். தமையனார் விடையிறுக்கவில்லை. மூன்று திங்களில் அவை கட்டிலுக்கடியில் ஒதுங்கின. தேர்வு ஓராண்டு தள்ளிப் போயிற்று. காரணம் அறிவின்மை அன்று. தேர்வுக் கட்டணம் இரும்புப் பெட்டிகளாய் உருமாறிவிட்டமையே.

இது எம் இல்லத்திற்கு மட்டும் நேர்ந்ததாயின் இவ்விதழில் எழுதத் துணியோம். நம் கல்லூரி நண்பர் சிலரின் இல்லங்களிலும் இத்தகைய பெட்டிகள் உறங்குகின்றன எனக் கேட்டறிந்தோம். ஆதலின், தமையனார் பிற்பாடு கண்டறிந்த நெறியினையும், அவரருகிருந்து யாம் கற்றவற்றையும் வகுத்துரைத்தல் எம் கடனாயிற்று.

வீட்டுப் பயிற்சிக்கு வழிகள் மூன்று. முதலாவது, சிமுலேட்டர் என்னும் பாவனைக் கருவி. இது பெட்டியன்று, கணினியில் இயங்கும் ஒரு மென்பொருள். ரவுட்டரும் சுவிட்சும் எவ்வாறு நடந்து கொள்ளுமோ அவ்வாறு நடந்து காட்டும். இரண்டாவது, மெய்யான ரவுட்டரின் மென்பொருளையே கணினிக்குள் ஓட்டும் எமுலேட்டர் வகை. மூன்றாவது, மெய்ப்பெட்டி. முதலிரண்டின் வேறுபாட்டைக் கூத்தைக் கொண்டு விளக்கலாம். பாவனைக் கருவி, அரசன் வேடம் புனைந்த கூத்தன். தான் பயின்ற வசனம் மட்டுமே பேசுவான். எமுலேட்டரோ, அரசனே வாடகை வீட்டில் குடியிருத்தலை ஒக்கும். வீடு வேறாயினும் ஆள் அவனே.

பாவனைக் கருவிகளுள் தலையாயது சிஸ்கோ நிறுவனம் தன் கல்வித் திட்டத்தின் வழியாக வழங்கும் பாக்கெட் டிரேசர். பெயரைப் பதிவு செய்து கொண்டார் எவரும் விலையின்றிப் பெறலாம். 4 ஜிபி நினைவகமுள்ள எளிய கணினியிலும் இது ஓடும். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் பகுதியில் மடிக்கணினி நுழைந்த இல்லங்கள் பல. ஆகவே பலர்க்கு இதன்பொருட்டு ஒரு காசும் புதிதாய்ச் செலவாகாது. இதன் பெருஞ்சிறப்பு ஒன்றுண்டு. மெய்ப்பெட்டியில் பொதி செல்லும் வழியைக் கண்ணாற் காண இயலாது. விளக்கு மினுக்குவதைக் காணலாம், அவ்வளவே. பாக்கெட் டிரேசரிலோ பொதி ஒரு சிறு அஞ்சலுறையாய்த் திரையில் நகரும். அதனை நடுவழியில் நிறுத்தி, உறையைத் திறந்து, முகவரியைப் படித்து, எவ்விடத்தே வழி தவறிற்று எனக் காணலாம். தமிழ் மாணாக்கராகிய எமக்கே ஒரு மாலைப்பொழுதில் அது விளங்கிற்று என்றால், அதன் கற்பிக்கும் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டா.

பாவனையால் மட்டும் நிறைவுறாதார் அடுத்த படிக்கு ஏறலாம். பிரான்சு நாட்டினராகிய கிறிஸ்தோப் ஃபியோ என்பார் 2005-ஆம் ஆண்டில் டைனமிப்ஸ் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். சிஸ்கோவின் பழைய ரவுட்டர் வகைகள் சிலவற்றின் உள்ளுறுப்புகளைக் கணினியிலேயே நடிக்கச் செய்து, அவற்றின் மெய்யான இயங்குமென்பொருளை ஓட்டுவது அது. அதன்மேல் எழுந்ததே ஜி.என்.எஸ்.3. இம்மென்பொருள் இலவசமேயாயினும், அதனுள் ஓட்டுதற்குரிய சிஸ்கோ இயங்குமென்பொருள் உரிமைப் பொருள். அதனைக் களவாய்ப் படியெடுத்துத் தருவோர் கடைத்தெருவில் உளர். நேர்மையைக் கற்பிக்கும் கல்லூரியில் பயில்வோர் அப்படியைக் கையால் தொடுதலும் தகாது. நேரிய வழிகள் பல உண்டு. சிஸ்கோவே தன் மாடலிங் லாப்ஸ் என்பதை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 200 டாலர் சந்தாவுக்குத் தருகின்றது. ஐந்து கருவிகள் வரை அமைத்துப் பார்க்கும் இலவசப் பதிப்பும் அதற்குண்டு. லினக்ஸ் அறிந்தார்க்கோ செலவே இல்லை. 2017-இல் தொடங்கிய எஃப்.ஆர்.ரவுட்டிங் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, சில பத்து எம்பி நினைவகத்தில் ஒரு ரவுட்டர் வீதம், ஒரு மடிக்கணினிக்குள் ஒரு மாவட்டத்து வலையமைப்பையே படைத்து விளையாடலாம். ஆதலின் பத்தாயிரம் ரூபாய் கையிலுள்ளவர் பெட்டி வாங்க நினைந்தால், அதனை விடுத்துத் தம் கணினியின் நினைவகத்தை 16 ஜிபி ஆக்கிக் கொள்க என்பதே எம் பரிந்துரை. பெட்டி ஒன்று எந்நாளும் ஒன்றாகவே இருக்கும். நினைவகமோ இன்று ரவுட்டராகும், நாளை சுவிட்சாகும், மறுநாள் கட்டுரை தட்டெழுதவும் உதவும்.

ஈண்டு ஒரு சாரார் எதிர்மொழி கூறுவர். ‘பாவனை என்பது விளையாட்டு, நீரில் இறங்காமல் நீச்சல் பயின்றார் உண்டோ? வேலை தருவோர் கைப்பழக்கத்தையன்றோ கேட்கின்றனர்?’ என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் முழுவதும் உண்மையன்று.

முதலாவது, பாவனையை விளையாட்டென இகழ்தல் பொறியியலின் வரலாற்றை அறியாமையாகும். பூண்டியிலுள்ள நீரியல் ஆய்வு நிலையத்தில், அணையும் மதகும் கட்டுமுன்னர் அவற்றின் சிறு மாதிரிகளைச் செய்து, அவற்றின்மேல் நீரைப் பாய்ச்சிச் சோதிப்பது வழக்கம். முழம் அளவான மாதிரியில் அரிப்புண்டாகும் இடத்தைக் கண்டுகொண்டால், கோடிக்கணக்கான பொருளும் ஊராரின் உயிரும் தப்புகின்றன. மாதிரியை எவரும் விளையாட்டு என்றிலர்.

இரண்டாவது, தேர்வு கேட்பது யாதெனப் பார்த்தல் வேண்டும். சி.சி.என்.ஏ. பாடத்திட்டம் ஆறு பகுதியாய்ப் பகுக்கப்பெற்றுள்ளது. அடிப்படைகளுக்கு நூற்றுக்கு 20; இணைப்பு முறைகளுக்கு 20; பொதிகளுக்கு வழி வகுத்தலுக்கு 25; துணைப்பணிகளுக்கு 10; பாதுகாப்புக்கு 15; தானியங்கு முறைகளுக்கு 10. வழி வகுத்தலாகிய பெரும்பகுதியைப் பாவனையிலேயே முற்றும் பயிலலாம். தானியங்கு முறைகளையும் கம்பியில்லா வலைக்கட்டுப்பாட்டையுமோ, பழம்பெட்டிகளில் அறவே பயில இயலாது. அவை பிறந்த காலத்தில் இவ்வழக்குகள் பரவியிருக்கவில்லை. எனவே பழம்பெட்டியைப் பெருவிலைக்குக் கொண்டவர் தேர்வின் ஒரு பகுதியை விலைகொடுத்து இழந்தவராவர்.

மூன்றாவது, வாங்கிய விலையோடு செலவு முடிவதில்லை. பெட்டி ஒன்று 50 வாட் மின்சாரம் உண்பதாகக் கொள்வோம். நான்கு பெட்டிகள் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றேகால் அலகுக்குச் சற்றுக் குறையும். இரு திங்களில் 72 அலகு. அவை உமிழும் வெப்பமும் சித்திரை வெயிலும் ஓர் ஓட்டுவீட்டில் கூடுமாயின், பயில்வோர் நிலையை நாம் சொல்லவும் வேண்டுமோ? ‘விரலுக்குத் தக்க வீக்கம்’ என்னும் பழமொழியை இவ்விடத்தே நினைத்தல் நன்று.

இனி அவ்வெதிர்மொழியிலுள்ள உண்மையையும் மறையாது கூறுவோம். பாவனைக் கருவியில் கம்பி என்றும் அறுவதில்லை. எலி அதனைக் கடிப்பதில்லை. தரங்கம்பாடிக் கடற்காற்றின் உப்பு இணைப்பு முனையைப் பச்சை பூக்கச் செய்வதில்லை. மின்சாரம் தாழ்ந்து ஏறுவதால் பெட்டி பாதியில் மயங்கி நிற்பதில்லை. பல கட்டளைகளை அது ஏற்பதுமில்லை. ‘அறியேன்’ எனக் கைவிரித்து விடும். கூத்தன் தான் பயிலாத வசனத்திற்கு யாது செய்வான்? வேலைக்குச் செல்வோர் முதல்நாளே சந்திப்பது இத்தகைய கம்பியையும் காற்றையுமே. ஆகவே கைப்பழக்கம் இன்றியமையாதது.

ஆயின் அக்கைப்பழக்கத்தின் பெரும்பகுதிக்கு வேண்டுவன சிறு கருவிகளே. கம்பியின் முனையில் இணைப்பியைப் பொருத்தும் கிரிம்பிங் கருவி ஒன்று. கம்பியைச் சோதிக்கும் டெஸ்டர் ஒன்று. இணைப்பிகள் ஒரு கைப்பிடி. சில மீட்டர் கம்பி. இவையனைத்தும் ஆயிரம் ரூபாயை ஒட்டி அடங்கும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்னும் எட்டிழைகளின் வரிசையை விரல் தானே அறியும் வரை முடைந்து பழகுதல், மூன்று பழம் ரவுட்டர்களைக் கட்டிலுக்கடியில் வைத்திருத்தலினும் மிக்க பயன் தரும். தமையனார் இவ்வாறு முடைந்த முதல் இருபது முனைகளுள் டெஸ்டரின் எட்டு விளக்கும் முறையே எரிந்தவை ஏழு. ஐம்பதாவது முனைக்குப் பின் தவறு அரிதாயிற்று. எமக்கும் ஒன்று முடைந்து தருமாறு கேட்டார். யாம் முடைந்ததில் மூன்றாம் விளக்கு இன்றளவும் எரியவில்லை.

எஞ்சி நிற்பது மெய்ப்பெட்டி. அதனைத் தொட்டுப் பாராமலே ஒருவர் வேலைக்குச் செல்லல் தகாது என்பதை ஒப்புகின்றோம். ஆயின் அதனை ஒவ்வோர் இல்லமும் வாங்கல் வேண்டும் என்பதை ஒப்போம். நம் ஊர்களில் நாற்றங்கால் அவரவர் வயலில் இருக்கும். நெல்லடிக்கும் களம் ஊருக்குப் பொதுவாய் இருக்கும். ஆண்டுக்குச் சில நாள் வேண்டுவதற்காக ஆளுக்கொரு களம் எவரும் அமைப்பதில்லை. மெய்ப்பெட்டியின் பயனும் அத்தகையதே. பாவனையில் ஆறு திங்கள் பயின்றவர்க்குப் பெட்டியோடு ஒரு பத்து நாள் பழக்கம் போதும். அப்பத்து நாளுக்காக ஒரு தாயின் சங்கிலி அடகு போதல் முறையன்று. ஆதலின் களத்தை அமைத்தல் கல்லூரியின் கடமை.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அங்கு அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். செருமனி நாட்டு ஹாலே நகரிலிருந்து 1713-இல் வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்தன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடுவதாயின் காகிதச் செலவு தாங்கவொண்ணாததாகும். காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். அவர்கள் வந்த கருவியை வணங்கிக் கொண்டிருந்தாரிலர். சிற்றெழுத்துகளை இங்கேயே வார்த்துக் கொண்டனர். பொறையாற்றில் காகிதப் பட்டறைக்கும் முயன்றனர். 1715-இல் நூல் முற்றுப்பெற்றது. தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த கருவியே சிறந்தது என்னும் மயக்கமின்றித் தம் பைக்கும் பணிக்கும் பொருந்திய கருவியை ஆக்கிக் கொண்டமை ஒரு பாடம். அச்சுக்கூடம் ஒன்றே பலர்க்கும் பொதுவாய் நின்று பணிபுரிந்தமை மற்றொரு பாடம்.

ஆகவே நம் கல்லூரித் தலைவரையும் ஆசிரியப் பெருமக்களையும் பணிவுடன் வேண்டுவன மூன்று. கணினிக்கூடத்தை வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம் எத்துறை மாணவர்க்கும் திறந்து வைத்தல் வேண்டும். வீட்டில் கணினி இல்லாதார்க்கு அதுவே நாற்றங்காலாகும். அக்கூடத்தின் ஒரு மூலையில் ஓர் அலமாரியில், இரண்டு ரவுட்டரும் இரண்டு சுவிட்சும் வைத்து, நூலகத்து நூலைப்போல் முறைவைத்துப் பயில இடந்தருதல் வேண்டும். அவை பழுதுபட்டால் மாணவரைத் தண்டியாமல், பழுது நீக்கக் கற்பித்தல் வேண்டும். களத்தில் சிந்திய நெல்லுக்கு அபராதம் விதிப்பார் இல்லை.

பழைய மாணவர்களையும் ஒன்று வேண்டுகின்றோம். தங்களுட் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணிபுரிகின்றீர்கள். தங்கள் அலுவலகங்களில் ஐந்தாறு ஆண்டு உழைத்த பெட்டிகள் மாற்றப்பெற்றுப் பழஞ்சரக்காய் எடைக்குப் போவதைக் கண்டிருப்பீர்கள். உரியவரின் ஒப்புதலைப் பெற்று, உள்ளிருக்கும் குறிப்புகளை அழித்து, அவற்றுள் ஒன்றிரண்டை நம் கல்லூரிக்கு அனுப்புவீர்களாயின், அஃது ஆண்டுவிழாப் பந்தலுக்குத் தரும் நன்கொடையினும் நெடுநாள் நின்று பயன்படும்.

இறுதியாகத் தமிழ் மாணாக்கர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. தமையனார் தட்டுத்தடுமாறியதற்குக் காரணம் பெட்டி மட்டும் அன்று. வழிகாட்டும் குறிப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தமையும் ஒன்று. மாயூரத்தில் முன்சீப்பாய் அமர்ந்திருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள், ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகள் மக்களுக்கு விளங்கவில்லை எனக் கண்டு, அவற்றைத் தொகுத்துத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என 1862-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சட்டத்தைத் தமிழிற் சொல்ல இயலுமென்றால் ரவுட்டரைச் சொல்ல இயலாதோ? பொறியியல் கற்போர் செய்து காட்டுக. தமிழ் கற்போர் அருகிருந்து எழுதுக. பயிற்சிக் குறிப்பு பத்துத் தமிழில் எழுந்தாலும் அடுத்த ஆண்டு வரும் இளைஞர் ஒருவரின் ஓராண்டு மிஞ்சும்.

கடைமடையில் வாழும் நமக்குக் காவிரி நீர் என்றும் கடைசியாகவே வந்து சேர்கின்றது. அது நிலத்தின் கிடக்கை. அதற்கு யாரும் பொறுப்பல்லர். கல்வியும் வேலையும் நமக்குக் கடைசியாக வந்து சேருமாயின், அதற்கு நம் அறியாமையும் பொறுப்பாகும். நம் அச்சத்தை விற்றுப் பிழைப்பாரும் பொறுப்பாவர். வீட்டில் விலையில்லாப் பாவனையைக் கொண்டு விதைப்போம். கல்லூரியில் பொதுப்பெட்டியைக் கொண்டு நெல்லடிப்போம். அடகுக் கடைக்குச் செல்லும் வழியை மறப்போம் என்பதே எமது துணிபு.

கட்டிலுக்கடியில் கிடந்தவற்றுள் இன்னும் இயங்கும் சுவிட்ச் ஒன்றை இக்கல்லூரிக்குத் தர எம் தமையனார் இசைந்துள்ளார். அலமாரி ஆயத்தமாகும் நாளில் யாமே அதனைச் சுமந்து வருவோம். அது மிகவும் இரையும். ஆயினும் பொதுக்களத்தில் இரைச்சல் எவர் உறக்கத்தையும் கெடுப்பதில்லை.